மல்லி, புதினா, மரிக்கொழுந்து: களை மருந்தில் எது பிழைக்கும்?

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் களை பற்றித்தான். ஐப்பசி என்றாலே அப்படித்தான். விதைத்தது முளைப்பதற்கு முன்னால் விதைக்காதது முளைத்து நிற்கும். நெல், பருத்தி, மக்காச்சோளம் போட்டவர்களுக்கு எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடும். மல்லி, புதினா, மரிக்கொழுந்து, கீரை என்று சின்னப் பயிர் போட்டவர்களுக்குத்தான் நாதி இல்லை. அவர்களுடைய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் நானும் மல்லி போடுகிறேன். அதனால் மல்லிக்குக் கொஞ்சம் இடம் கூடப் போய்விடும், கண்டுகொள்ளாதீர்கள்.

விளாத்திகுளம் பக்கமிருந்து ஒரு வாசகர்: மானாவாரி மல்லி நான்கு ஏக்கர். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. பெண்டிமெத்தலின் என்ற களை மருந்தை அடிக்கலாம் என்கிறார்கள். போன வருடம் பக்கத்துப் பிஞ்சையில் அடித்தவருக்கு ஒரு பக்கம் மல்லி நன்றாக வந்தது, மறுபக்கம் பொட்டலாகிவிட்டது. அடிக்கலாமா, கூடாதா?

ஒரே மருந்து, ஒரே நிலம். ஒரு பக்கம் பயிர், மறுபக்கம் பொட்டல். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

களை எது, மல்லி எது என்று பெண்டிமெத்தலினுக்குத் தெரியாது. முளைக்கிற எந்த விதையின் வேர் நுனியிலும் குருத்து நுனியிலும் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிவதை அது நிறுத்தும். அப்புறம் மல்லி எப்படிப் பிழைக்கிறது? கொஞ்சம் அதன் உடல்வாகு, மீதி ஆழம். இந்த மருந்து களிமண்ணையும் மட்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்தாலும் லேசில் கீழே இறங்காது, மேல் மண்ணில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். சாரணை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சின்னப் புல் வகைகளின் விதைகள் எல்லாம் பொடி விதைகள். மேலாக் கிடந்து முளைப்பதால் அந்தப் படலத்திலேயே மாட்டிக்கொள்ளும். மல்லி விதை அதற்குக் கீழே இருந்தால் வேர் சுத்தமான மண்ணில் இறங்கும். குருத்து மட்டும் படலத்தைச் சட்டென்று கடந்து வெளியே வந்துவிடும்.

உங்கள் பக்கத்துப் பிஞ்சைக்காரர் கையால் தூவி விதைத்து, கலப்பையால் மூடியிருப்பார் என்று நினைக்கிறேன். கலப்பை நன்றாக மூடிய பக்கம் விதை ஆழத்தில் கிடந்திருக்கும். மூடாத பக்கம் மருந்துக்குள்ளேயே கிடந்திருக்கும். அப்படிச் செத்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும்: வேர் நீளாமல் கட்டையாக, நுனி கொஞ்சம் வீங்கி, பக்கவேர் இல்லாமல் இருக்கும். அழுகல் நோயில் இப்படி வராது. அழுகலில் தண்டு மண்மட்டத்தில் நைந்து சாயும்.

ஆகவே தூவி விதைப்பதாக இருந்தால் இந்த மருந்துப் பக்கமே போகாதீர்கள். விதைப்புக் கருவியிலோ, கலப்பைச் சாலிலோ ஒரே ஆழமாகப் போட முடியும் என்றால் அடிக்கலாம். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுவது உங்களுக்குத் தெரிந்ததே. உலக்கையால் ஓங்கிக் குத்தினால் முளைக்கரு உடைந்துபோகும், அந்தப் பழியையும் மருந்தின் மேல்தான் போடுவோம்.

அடுத்தது ஈரம். நம் பக்கம் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவோம். அந்தப் புழுதியின் மேல் இந்த மருந்தை அடித்தால் காசுக்குப் பிடித்த கேடு. வெயிலில் பாதி ஆவியாகும், மீதி ஒளிபட்டுச் சிதையும். முளைக்க வைக்கிற மழை ஒன்று பெய்யட்டும். மண் ஈரமாக இருக்கும்போது மூன்று நாளுக்குள் அடியுங்கள். மல்லி வெளியே தலைகாட்ட எட்டு நாள், பத்து நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். களைகள் அதற்குள் கிளம்பிவிடும். மல்லியின் இந்தச் சோம்பேறித்தனம்தான் நமக்குக் கிடைக்கிற இடைவெளி. கரிசலில் மழை பெய்த மறுநாள் கால் வைக்க முடியாதே என்பீர்கள். உண்மைதான். மூன்றாம் நாளும் சேறு காலில் ஒட்டுகிறது, அதற்குள் களை பச்சை கட்டிவிட்டது என்றால் அந்த வருடம் மருந்தை விட்டுவிடுங்கள். முளைத்து நிற்கிற களையின் மேல் பெண்டிமெத்தலின் அடித்துப் பயனில்லை.

அளவு: மல்லி ஆராய்ச்சிகளில் வழக்கமாக எடுத்துக்கொள்வது ஹெக்டேருக்கு 1 கிலோ மூலப்பொருள். 30 சதவீத மருந்தில் அது ஏக்கருக்கு சுமார் 1.3 லிட்டர். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 65 மில்லி. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நூறு மில்லி ஊற்றுகிற பழக்கம் பூச்சிமருந்தோடு போகட்டும். விசிறி போல விழுகிற நாசில் போடுங்கள், பூச்சிமருந்துக்குப் போடுகிற வட்ட நாசில் வேண்டாம். அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து அடிப்பது நல்லது. மருந்து ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும், கையில் வேட்டியில் பட்டால் லேசில் போகாது. எங்கே விட்டுப்போயிற்று என்று மண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

வாங்குவதற்கு முன்னால் டப்பாவில் ஒட்டியிருக்கிற தாளில் எந்தெந்தப் பயிர் என்று படியுங்கள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் களைக்கொல்லியும் அடக்கம். எந்தப் பயிருக்குப் பதிவு ஆகியிருக்கிறதோ அதற்குத்தான் சிபாரிசு செல்லும். ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாக வந்தது என்பது வேறு, பதிவு ஆனது என்பது வேறு. சின்னப் பயிர்க்காரர்களின் பெரிய தலைவலி இதுதான். பரப்பு குறைவு, விற்பனை குறைவு, அதனால் பதிவுக்குச் செலவு செய்யக் கம்பெனிகளுக்கு மனம் வருவதில்லை. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் அந்த ஆண்டின் நிலவரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எப்படி அடித்தாலும் முப்பது நாள் வாக்கில் ஒரு கைக்களை வேண்டும். பார்த்தீனியமும் கோரையும் இந்த மருந்துக்குப் பெரிதாக மசியாது. எப்படியும் பயிர் கலைக்க இறங்கத்தானே வேண்டும், அந்த ஆளை வைத்தே களையையும் எடுத்துவிடலாம்.

உடுமலைப் பக்கமிருந்து ஒரு வாசகர்: மக்காச்சோளம் அறுத்த கையோடு உழுது மல்லி போட்டேன். முளைப்பு அருமை. இரண்டு வாரம் கழித்துக் கீழிலை ஓரமெல்லாம் மஞ்சளாகிக் காய்கிறது. இரும்புச்சத்துக் குறை என்று சொல்லிக் கடையில் ஒரு நுண்ணூட்டம் கொடுத்தார்கள். அடித்தும் கேட்கவில்லை.

கேட்காது ஐயா. மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களை மருந்து போட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. போட்டிருப்பீர்கள், இப்போது போடாதவர் யார்?

இரும்புக் குறையில் இளங்குருத்துதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பது கீழிலை, அதிலும் ஓரத்திலிருந்து. அட்ரசின் வேர் வழியாக ஏறித் தண்ணீரோடு இலைக்குப் போய், ஒளிச்சேர்க்கையை நிறுத்துகிற மருந்து. தண்ணீர் போய் முடிகிற இடம் இலையின் ஓரம், அதனால் அங்கே முதலில் கருகும். முளைப்பைத் தடுக்காது என்பதுதான் இதில் ஏமாற்று வேலை. வித்திலைக்குள் இருக்கிற சாப்பாடு தீரும்வரை செடி ஜோராக நிற்கும். நிஜ இலை விட்டுச் சொந்தமாகச் சமைக்க ஆரம்பித்த பிறகுதான் வெளுக்கும். இரண்டு வாரம் என்று நீங்கள் எழுதியது அச்சாகப் பொருந்துகிறது.

மக்காச்சோளம் மட்டும் எப்படித் தாங்குகிறது? அதன் இலையில் இருக்கிற ஒரு நொதி, குளூட்டத்தயோன் என்ற பொருளை அட்ரசினோடு கோத்து, விஷமில்லாத வேறொன்றாக மாற்றிவிடுகிறது. சோளத்திலும் கரும்பிலும் இதே ஏற்பாடு உண்டு. மல்லியிடம் அந்த வேகம் இல்லை. வெங்காயம், தக்காளி, பயறு வகை, கீரை எதனிடமும் இல்லை.

உங்கள் மண்ணும் இதில் கூட்டு. புளிப்பு மண்ணில் அட்ரசின் சீக்கிரம் உடையும். கார அமிலநிலை 8-க்கு மேல் போகிற கரிசலில் மெதுவாகத்தான் உடையும், மண்ணில் ஈரமும் இல்லை என்றால் இன்னும் மெதுவாக. மூன்றரை மாதப் பயிரை அறுத்த கையோடு மல்லியைப் போட்டால் மிச்சம் இருக்கத்தான் செய்யும். டேங்க் திரும்புகிற வரப்போரம், அடி இரட்டிப்பாக விழுகிற இடம். அங்கேதான் சேதம் அதிகமாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று பழைய டப்பாக்களில் அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். சேதமான இடங்களில் நான்கைந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து இரண்டு டப்பாவில் நிரப்புங்கள். மூன்றாவதில் மருந்தே படாத வரப்பு மண். சேதமான மண் இருக்கிற ஒரு டப்பாவில் மட்டும், தண்ணீர் வடிகட்டிக்குப் போடுகிற கிளர்வூட்டிய கரித்தூளை இரண்டு ஸ்பூன் நன்றாகக் கலந்துவிடுங்கள். மூன்றிலும் மல்லியோ வெள்ளரியோ ஊன்றி, வெயிலில் வைத்து மூன்று வாரம் பாருங்கள். வரப்பு மண்ணில் பச்சை, வயல் மண்ணில் மஞ்சள், கரி கலந்த வயல் மண்ணில் பச்சை என்று வந்தால் சந்தேகமே இல்லை, கரி மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அடுத்த முறை விதை வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்தால் விதைக்காசு மிச்சம்.

இப்போது நிற்கிற பயிருக்கு வைத்தியம் கிடையாது. பாதிக்கு மேல் போய்விட்டது என்றால் உழுதுவிட்டுத் தீவனச் சோளம் போடுங்கள், அது அட்ரசினைச் சட்டை செய்யாது. மல்லிதான் அடுத்த பயிர் என்று முன்பே தெரிந்தால், மக்காச்சோளத்துக்கு அட்ரசினைத் தவிர்த்துவிட்டுப் பவர் வீடர் ஓட்டுங்கள். முளைத்த பின் அடிக்கிற டெம்போட்ரையோன் போன்ற புது மருந்துகளும் அடுத்த பயிருக்கு இடைவெளி கேட்பவைதான். அந்த விவரம் டப்பாவோடு வருகிற மடிப்புத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: கேரட் தோட்டத்தில் மண்ணெண்ணெய் தெளித்துக் களையைக் கொல்வார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். கேரட் மட்டும் சாகாதாம். கதையா, நிஜமா?

நிஜம் அம்மா! இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையதுதான்.

1940-களில் அமெரிக்காவில் கேரட் வயல்களில் இப்படித்தான் களையெடுத்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பங்காளியான ஒரு லேசான பெட்ரோலிய எண்ணெய் அது. 'ஸ்டாடர்ட் சால்வென்ட்' என்று பெயர், துணி உலர்சலவைக்கும் பெயிண்ட் கரைக்கவும் பயன்பட்டது. தெளித்தவுடன் களைகளின் செல்சவ்வு கிழிந்து, சாறு வெளியே வந்து, சில மணி நேரத்தில் இலை நனைந்த துணி மாதிரித் தொங்கிவிடும். கேரட் அப்படியே நிற்கும். கேரட் மட்டும் இல்லை, அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும்: செலரி, பார்ஸ்லி, சதகுப்பை. குடை போலப் பூக்கிற அந்தக் குடும்பத்தின் செல்சவ்வு இந்த எண்ணெய்க்கு அசைவதில்லை. நம்ம மல்லியும் சோம்பும் சீரகமும் ஓமமும் அதே குடும்பம்தான்.

1960-களில் லினுரான் என்ற களை மருந்து வந்தது. இதையும் அந்தக் குடும்பம் தாங்கியது. ஆனால் இந்த முறை காரணம் வேறு. சவ்வினால் அல்ல, மருந்தை உள்ளே வாங்கிச் சிதைத்துவிடுவதால். அமெரிக்காவில் கேரட், செலரி போன்றவற்றுக்கு அதுதான் நெடுங்காலம் கைமருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அதற்கு அனுமதியைப் புதுப்பிக்கவில்லை, உடல்நலக் காரணங்களுக்காக. பயிர் ஒரு மருந்தைத் தாங்குகிறது என்பதால் அதைத் தின்கிற நாமும் தாங்குவோம் என்று இல்லையே.

தாத்தா சொன்னார் என்று நீங்கள் இப்போது மண்ணெண்ணெய் கேனை எடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே கேரட் கிழங்கு கட்ட ஆரம்பித்த பிறகு அடித்தால் எண்ணெய் வாடை ஏறிவிடும் என்று, சின்ன நாற்றாக இருக்கும்போது மட்டும்தான் அடித்தார்கள். நம் விளக்கு மண்ணெண்ணெயின் கலவையும் வேறு.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர்: புதினாப் பாத்தியில் அருகு, கோரை இரண்டும். புல்லை மட்டும் கொல்லும் மருந்து என்று குயிசாலோஃபாப் வாங்கி ஒரு பாத்தியில் அடித்தேன். அருகு சிவந்து காய்ந்தது, புதினாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோரை மட்டும் சிரிக்கிறது. டோஸ் ஏற்றவா?

ஏற்றாதீர்கள். கோரைத் தண்டு ஒன்றை விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும். அருகு உருண்டையாக உருளும். பார்வைக்குப் புல் மாதிரி இருந்தாலும் கோரை புல் குடும்பமே இல்லை. குயிசாலோஃபாப் வேலை செய்வது கொழுப்பு உண்டாக்குகிற ஒரு நொதியில். அந்த நொதியின் ஒரு வடிவம் புல் குடும்பத்தில் இருக்கிறது, மருந்து அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதினா, மல்லி போன்ற அகன்ற இலைப் பயிர்களிலும் கோரையிலும் இருப்பது வேறு வடிவம். உட்கார இடமே இல்லாதபோது பத்து மடங்கு ஊற்றினால் மட்டும் என்ன? வெங்காயம் ஒருவித்திலைப் பயிராக இருந்தும் இந்த மருந்துக்குச் சாகாமல் இருப்பதும், அது புல் குடும்பத்தில் சேராததால்தான்.

கோரைக்கென்று ஹேலோசல்ஃபியூரான் என்று ஒன்று கரும்புக்கு வருகிறது. யாராவது அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், புதினாவில் அடித்துவிடாதீர்கள். கிளைபோசேட்டும் வேண்டாம். பாத்திக்குள் புதினாவையும் சேர்த்துக் கொல்லும் என்பது ஒருபுறம். 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் அதை அடிக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதினாவுக்குச் சேதமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, செடி பிழைத்தது. அந்த இலையில் மருந்து எவ்வளவு நின்றது, எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதற்குப் புதினாவில் யார் கணக்குச் சொன்னார்கள்? டப்பாவில் புதினா என்று எழுதியிருக்கவில்லை என்றால் காத்திருப்பு நாளும் எழுதியிருக்காது. கழுவிவிட்டுப் பச்சையாகச் சட்னி அரைக்கிற இலை அது. அடித்த பாத்தியின் இந்த அறுப்பை மண்ணில் தள்ளிவிடுங்கள்.

கோரைக்கு ஒரே வழி கிழங்கைப் பட்டினி போடுவதும் காய வைப்பதும். நிழல் அதற்கு ஆகாது. பிளாஸ்டிக் ஷீட் போட்டால் குத்திக்கொண்டு வந்துவிடும். புதினாவை வேறு பாத்திக்கு மாற்றிவிட்டு, இந்த இடத்தைச் சித்திரை வெயிலில் உழுது கிழங்கை மேலே புரட்டிக் காயவிடுங்கள். மறுபடி உழுங்கள், மறுபடி காயட்டும். மழை வந்ததும் சணப்பையை நெருக்கமாக விதைத்துப் பூப்பதற்கு முன்னால் மடக்கி உழுங்கள். ஒரே பருவத்தில் ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புது இடத்துக்கு நடவுத் தண்டு எடுக்கும்போது வேரோடு எடுக்காமல் மேல்தண்டை மட்டும் கிள்ளி எடுங்கள். கோரைக் கிழங்கு ஊர் மாறுவதே அந்த வேர்மண்ணில்தான்.

பெரம்பலூரிலிருந்து ஒரு வாசகி: சின்ன வெங்காயம் எடுத்த இடத்தில் தண்டுக்கீரை விதைத்தேன். முளைக்கவே இல்லை. விதை மோசமா?

வெங்காயத்துக்கு என்ன அடித்தீர்கள் என்று பாருங்கள். பெண்டிமெத்தலின் என்றால் விதைக்காரரைத் திட்ட வேண்டாம். அந்த மருந்து நன்றாகக் கொல்கிற களைகளில் குப்பைக்கீரை ஒன்று. தண்டுக்கீரை அதற்கு உடன்பிறப்பு. எழுபது நாள் வெங்காயத்துக்குப் பிறகும் மேல் மண்ணில் மருந்து மிச்சம் இருக்கும். ஒரு பாத்தியில் ஆழ உழுது மேல் மண்ணைப் புரட்டிவிட்டு விதைத்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் விதையைச் சந்தேகப்படலாம். அதுவரை மற்றப் பாத்திகளில் நாற்று நடுகிற காய் எதையாவது போடுங்கள்.

நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர்: மரிக்கொழுந்துக்கு வெறும் இலைவழி உரம்தான் அடித்தேன். மூன்றாம் நாள் கொழுந்தெல்லாம் முறுக்கிக்கொண்டு வளைந்துவிட்டது. உரத்தில் ஏதாவது கலப்படமா?

டேங்க் யாருடையது என்று எழுதியிருக்கலாம். இரவல் என்று நான் பந்தயம் கட்டுகிறேன். கொழுந்து முறுக்குவதும் தண்டு வில்லாக வளைவதும் 2,4-டி-யின் கையெழுத்து. கரும்புக்கோ சோளத்துக்கோ அதை அடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி இரண்டு குலுக்குக் குலுக்கிக் கொடுத்திருப்பார்கள். அது புல் குடும்பத்தை விட்டுவிட்டு அகன்ற இலையை வளைக்கிற மருந்து. அகன்ற இலையிலும் பருத்தி, தக்காளி, திராட்சை, அப்புறம் உங்கள் மரிக்கொழுந்து சேர்ந்த சூரியகாந்திக் குடும்பம் எல்லாம் மிகவும் நோஞ்சான். டேங்கின் பிளாஸ்டிக்கிலும் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும்.

சொந்தமாக வாங்கியதுதான் என்றால் காற்று வந்த திசையைப் பாருங்கள். இந்த மருந்தின் எஸ்டர் வகை மதிய வெயிலில் ஆவியாகிப் பக்கத்துத் தோட்டம் வரை போகும்.

லேசாக முறுக்கிய செடி புதுத் துளிர் விட்டு எழுந்துவிடும். தண்ணீர் கட்டிவிட்டுப் பொறுத்திருங்கள். வளைந்த கொழுந்தை அறுத்து எறிந்துவிடுங்கள். தலையில் வைப்பதுதானே, தின்பதா என்று மாலைக்கு அனுப்ப நினைக்க வேண்டாம். நாள் முழுக்கக் கையில் வைத்துத் தொடுக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

டேங்கைக் கழுவ, மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசிய பிறகு சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, குழாயிலும் நாசிலிலும் கொஞ்சம் பீய்ச்சி, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் கொட்டி மறுபடி அலசுங்கள். எஸ்டர் வகையாக இருந்தால் இதுவும் போதாது. களைக்கு என்று ஒரு டேங்கை ஒதுக்கி, சிவப்புப் பெயிண்டில் 'களை' என்று எழுதி வையுங்கள். இரவல் கேட்டு வருகிறவர் கண்ணிலும் அது படட்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: களை மருந்தைத் தாங்குகிற பாசுமதி வந்துவிட்டது என்று படித்தேன். அது மாதிரி மல்லியில் ரகம் வந்தால் நம் கஷ்டம் தீருமே?

நீங்கள் படித்தது பூசா பாசுமதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்கள். டெல்லியில் இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, 2021-ல் வெளியிட்டார்கள். இமாசெதாபைர் என்ற மருந்து ஒரு நொதியைப் பிடித்து நிறுத்திச் செடியைக் கொல்லும். அந்த நொதியில் ஒரு சின்ன மாற்றம் ஏற்பட்ட நெல்லைத் தேடிப் பிடித்து, பாசுமதியோடு ஒட்டிக் கலந்து எடுத்தார்கள். வேறு உயிரின் மரபணு எதையும் புகுத்தவில்லை. நேரடி விதைப்பு நெல்லில் களைதான் முதல் எதிரி என்பதால் இந்த வேலை.

மல்லியில் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். செய்வார்களா என்பது வேறு. பல லட்சம் ஏக்கர் பாசுமதி எங்கே, நம் மல்லி எங்கே?

வந்தாலும் நான் கூத்தாட மாட்டேன். ஒரே மருந்தையே வருடா வருடம் அடித்தால், அதற்குச் சாகாத களை ஒன்றிரண்டு மிஞ்சி, விதை போட்டுப் பெருகிவிடும். பஞ்சாப், அரியானா கோதுமைக்காரர்கள் 1990-களில் இதைப் பட்டு அனுபவித்தார்கள். ஐசோபுரோட்டுரான் என்ற களை மருந்துக்குக் கேட்காத குறுங்கதிர்ப்புல் வயலை அமுக்கி, சிலர் கோதுமையைக் கதிர் வருமுன்பே தீவனமாக அறுத்தார்கள். அமெரிக்காவில் கிளைபோசேட் தாங்குகிற பருத்தியைத் தொடர்ந்து போட்டதில், நம் முள்ளுக்கீரைக்குச் சொந்தமான ஒரு கீரைக்களை அந்த மருந்துக்கே அசையாததாக மாறியது. மருந்து குறிவைக்கிற மரபணுவை அந்தச் செடி தனக்குள் நூறு பிரதிக்கு மேல் பெருக்கி வைத்திருந்ததை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். எவ்வளவு மருந்து வந்தாலும் சமாளிக்க அத்தனை நொதி.

ரகத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஏமாற்று ஈரம் கொடுத்துப் பாருங்கள். கிணறு இருப்பவர்களுக்கு இது சொன்னால் போதும்: பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, விதைக்காமல் பத்து நாள் விடுங்கள். களை எல்லாம் முளைத்துவிடும். மண்ணை ஆழமாகக் கிளறாமல் மேலாகக் கொத்திச் சாகடித்துவிட்டு விதையுங்கள். ஆழமாகக் கிளறினால் அடியில் தூங்குகிற விதை மேலே வந்து பழைய கதைதான். நாற்பது நாளில் பிடுங்கி விற்கிற கொத்தமல்லித் தழைக்கு நான் எந்த மருந்தும் சொல்வதில்லை, இதைத்தான் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: கோமியம், கல்லுப்பு, எலுமிச்சை கலந்து அடித்தால் களை மட்டும் சாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

களை கருகும், பயிரும் கருகும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். வரப்பில் கூட வேண்டாம்.